உன் மோகனம் கிடைத்துவிட்டது

அன்புள்ள குமரன்,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. பாட்டு சர்வரைப் பழைய மேக்கிலிருந்து ஒரு சின்ன லினக்ஸ் மெஷினுக்கு மாற்றினேன். மாற்றிய நாளிலிருந்து வேறு எதிலும் மனம் போகவில்லை. நேற்று ராத்திரிதான் எல்லாம் ஒழுங்குக்கு வந்தது. நீயும் சீக்கிரம் மாற்றப்போவதாக எழுதியிருந்தாயே, அதனால் நடந்ததை விவரமாகவே சொல்கிறேன்.

அதற்கு முன்னால், முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏற முடிகிறதா? அவசரப்பட்டு நடைப்பயிற்சியை ஆரம்பித்துவிடாதே. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் புது வேலையில் சேர்ந்துவிட்டாள். இரண்டு நாளுக்கு ஒரு முறை போன் பண்ணுகிறாள், அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

சரி, சர்வருக்கு வருகிறேன். மெஷினோடு சேர்த்து, பாட்டு விவரங்களை வைத்திருக்கும் டேட்டாபேஸையும் எஸ்கியூலைட் என்ற சின்ன மென்பொருளிலிருந்து போஸ்ட்கிரெஸ் என்ற பெரிய மென்பொருளுக்கு மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். எஸ்கியூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். புதுப் பாட்டுகளை ஸ்கேன் பண்ணும்போது வீட்டில் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், டேட்டாபேஸ் பூட்டியிருக்கிறது என்று லாகில் (சர்வர் எழுதிவைக்கும் குறிப்பில்) வரிசையாக விழும். டேபிள்களை ஒவ்வொன்றாக சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைலாக) எடுத்துப் புது இடத்தில் ஏற்றினேன். வரிகளின் எண்ணிக்கை சரியாக இருந்தது. ஆல்பம் படங்கள் எல்லாம் திரையில் வந்து நின்றன. சந்தோஷத்தில் முதலில் திறந்தது உன் ஃபோல்டரைத்தான்.

ஹாஸ்டல் அறையில் நீ வாசித்த புல்லாங்குழல், கேசட்டிலிருந்து எடுத்து வைத்த அந்தப் பதினோரு ஃபைல்கள். கல்யாணி ஓடியது. பைரவி ஓடியது. மோகனத்தைத் தொட்டேன், ஒரு நொடி சுற்றியது, அடுத்த பாட்டுக்குப் போய்விட்டது. மறுபடி தொட்டேன், அதே கதை. கேசட் போய்ப் பல வருஷமாகிவிட்டது என்பது உனக்கே தெரியும். வயிற்றைக் கலக்கிவிட்டது.

லாகில் 'ஃபைல் இல்லை' என்றிருந்தது. டெர்மினலில் போய்ப் பட்டியல் கேட்டால் ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது! லாகில் இருந்த பாத்தை (ஃபைல் இருக்கும் இடத்தின் முழு முகவரியை) அப்படியே நகலெடுத்து ஒட்டித் திறந்தால் இல்லை என்கிறது. அதே பெயரைக் கையால் டைப் செய்தால் திறக்கிறது. பெர்மிஷனாக இருக்குமோ என்று ஒரு நாள் முழுக்க அதன் பின்னால் அலைந்தேன். சர்வர் எந்த யூசரில் ஓடுகிறது, ஃபோல்டர் யார் பெயரில் இருக்கிறது, எல்லாம் பார்த்தாயிற்று. எல்லாம் சரியாகவே இருந்தது.

கடைசியில் கம்ப்யூட்டரை மூடிவிட்டு, ஓடாத பாட்டுகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். மோகனம், தோடி, காம்போதி, ஹிந்தோளம், சௌராஷ்டிரம். ஓடியவை கல்யாணி, பைரவி, சங்கராபரணம், கேதாரம். தோடி என்று கையால் எழுதும்போதே பொறி தட்டியது. ஓடாத ஒவ்வொன்றிலும் ஓகாரமோ ஔகாரமோ இருக்கிறது. அதாவது, எழுத்தின் இரண்டு பக்கமும் குறி வரும் எழுத்துகள்.

உடனே டேட்டாபேஸில் இருந்த தோடிக்கும் டிஸ்க்கில் இருந்த தோடிக்கும் நீளம் கேட்டேன். டிஸ்க்கில் 4. டேட்டாபேஸில் 5. திரையில் இரண்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கின்றன, கண்ணுக்குத் துளி வித்தியாசம் கிடையாது.

எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் ஓகாரக் குறிக்கு என்று தனியாக ஒரு எண் இருக்கிறது. அதையே இரட்டைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு எண்களாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்றுதான் யூனிகோட் தரநிலை சொல்கிறது. நாம் பலகையில் எழுதக் கற்றுக்கொண்டதும் அப்படித்தானே, முதலில் கொம்பு, அப்புறம் எழுத்து, அப்புறம் கால். மேக் டிஸ்க்கில் ஃபைல்களை வைக்கும் பழைய முறையான ஹெச்எஃப்எஸ் பிளஸ், பெயரைப் பிரித்துத்தான் வைத்துக்கொள்ளும் (அதற்குப் பதிலாக 2017-இல் வந்த ஏபிஎஃப்எஸ் அப்படிப் பிரிப்பதில்லை). சர்வர் அங்கே ஸ்கேன் செய்தபோது பிரிந்த பெயரைத்தான் டேட்டாபேஸில் எழுதியிருக்கிறது. பாட்டுகளை நான் ஆர்சிங்க் என்ற கருவியால் நகலெடுத்தபோது மேக் பெயர்களை மாற்றும் ஐகான்வ் ஆப்ஷனைப் போட்டிருந்தேன். அதனால் லினக்ஸ் டிஸ்க்கில் பெயர்கள் சேர்ந்த வடிவில் வந்து இறங்கின. லினக்ஸுக்கு ஃபைல் பெயர் என்பது வெறும் பைட் வரிசை. ஒரு பைட் மாறினாலும் அது வேறு பெயர். ஐகாரத்துக்குப் பிரிந்த வடிவமே கிடையாது, அதனால்தான் உன் பைரவி தப்பித்தது.

காரணம் தெரிந்ததும் மருந்து ஒரே வரி. போஸ்ட்கிரெஸ் 13-இலிருந்து நார்மலைஸ் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. பாத் இருக்கும் நெடுவரிசையை அதன் வழியாக என்எஃப்சி என்ற சேர்ந்த வடிவுக்கு மாற்றினால் போதும். ஆனால் ஓடவிட்டால் எடுத்த எடுப்பில் எரர். இதற்குள் சர்வர் ஒரு முறை ஸ்கேன் செய்து, கிடைத்த ஃபைல்களைப் புதுப் பாட்டுகளாகச் சேர்த்திருக்கிறது. ஒரே பாத் இரண்டு முறை வரக்கூடாதே. ஒவ்வொரு மோகனத்துக்கும் இரண்டு வரிகள்: ஒன்றில் பத்து வருஷக் கேட்ட கணக்கு, இன்னொன்றில் பூஜ்யம். பூஜ்ய வரிகளை முதலில் நீக்கிவிட்டுப் பழையவற்றின் பாத்தை மாற்றினேன். எல்லாவற்றையும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் வைத்து, முதல் தடவை எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு ரோல்பேக் பண்ணி (செய்ததை ரத்து செய்து), அடுத்த தடவைதான் கமிட் கொடுத்து உறுதி செய்தேன். நீயும் அப்படியே செய். பாட்டுத் தலைப்புகளையும் கலைஞர் பெயர்களையும் சேர்த்தே நார்மலைஸ் பண்ணிவிடு, இல்லாவிட்டால் தேடலில் பாதிதான் வரும். ஒன்று மட்டும் கையால்தான் திருத்த வேண்டும். ஔகாரத்துக்குப் பதில் கொம்பு போட்டு ளகரத்தை அடித்து வைத்திருப்போம் பார், அது உண்மையிலேயே வேறு எழுத்து, நார்மலைஸ் அதைத் தொடாது.

இதெல்லாம் முடிந்தபின் இன்னொன்று கண்ணில் பட்டது. கடைசிப் பன்னிரண்டு நாள் கேட்ட கணக்கைக் காணோம். சின்னவள் தாத்தாவுக்காகத் தொகுத்த பிளேலிஸ்டும் இல்லை. பாட்டு ஃபைல்கள் என்னிடம் மூன்று டிஸ்க்கில் இருக்கின்றன குமரா, போனால் எடுத்துக்கொள்ளலாம். எந்தப் பாட்டை எந்த ராத்திரி எத்தனை தடவை கேட்டேன், எதற்கு ஐந்து நட்சத்திரம் போட்டேன் என்பது இந்த டேட்டாபேஸில் மட்டும்தான் இருக்கிறது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த மாதத்தில் கேட்டதெல்லாம் தேதியோடு அதில் உண்டு.

காரணம் நகலெடுத்த விதம். எஸ்கியூலைட்டில் 2010-இலிருந்து வால் (WAL) என்று ஒரு முறை இருக்கிறது. புதிதாக எழுதுவதை முதலில் பக்கத்தில் ஒரு தனி ஃபைலில் எழுதி வைத்து, பிறகு சாவகாசமாக மெயின் ஃபைலில் சேர்க்கும். நான் சர்வரை நிறுத்தாமலே மெயின் ஃபைலை மட்டும் நகலெடுத்திருக்கிறேன். வால் ஃபைல் பழைய மெஷினிலேயே நின்றுவிட்டது. நல்லவேளை, அதை இன்னும் துடைக்கவில்லை. அங்கே சர்வரை முறையாக நிறுத்தினேன். கடைசி கனெக்ஷன் மூடும்போது வாலில் இருப்பது மெயின் ஃபைலில் சேர்ந்து, வால் ஃபைல் தானாக மறைந்துவிடும். மறைந்ததை உறுதி செய்துகொண்டு, டேட்டாபேஸ் பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கும் இன்டெக்ரிட்டி செக் ஓடவிட்டு, ஓகே என்று வந்தபின் மறுபடி முதலிலிருந்து ஏற்றினேன். எழுதிய கட்டளைகளை எல்லாம் ஒரு ஃபைலில் சேமித்து வைத்திருந்ததால் இரண்டாம் தடவை அரை மணியில் முடிந்தது.

ஒரு சின்ன விஷயம், மறக்காதே. வரிசை எண்களை நாமே கொடுத்து ஏற்றினால் போஸ்ட்கிரெஸில் அடுத்த எண்ணைத் தரும் கவுன்டர் 1-லேயே நிற்கும். புதுப் பாட்டு சேர்த்தால் அந்த எண் ஏற்கெனவே இருக்கிறது என்று மறுக்கும். ஒவ்வொரு டேபிளுக்கும் செட்வால் என்ற ஃபங்ஷனைப் போட்டு அந்தக் கவுன்டரை நகர்த்திவிடு.

எதிர்பாராத சந்தோஷம் ஒன்றும் கிடைத்தது. பழைய பட்டியலில் நகரத்துக்கு அடுத்து னகரம் வரும், ரகரத்துக்கு அடுத்து றகரம் வரும், யூனிகோட் எண் வரிசை அப்படி. போஸ்ட்கிரெஸில் ஐசியூ கொலேஷனில் (எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதியில்) தமிழைக் கொடுத்ததும் ழ, ள, ற, ன என்று அகராதி வரிசையில் எல்லாம் போய் உட்கார்ந்துகொண்டன. கொஞ்ச நேரம் சும்மா மேலும் கீழும் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம், உன் மோகனத்தை நேற்று முழுசாகக் கேட்டேன். ஆறாவது நிமிஷத்தில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள், நீ நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போகிறாய், தட்டுவதும் நின்றுவிடுகிறது. அது யார் என்று எனக்கு எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது. ஃபைலைத் தனியாக அனுப்புகிறேன், உன் பக்கமும் ஒரு நகல் இருக்கட்டும்.

அன்புடன்,
சேகர்