ஆஸ்துமா: மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். விளையாட்டு வகுப்பில் பாதியிலேயே ஒதுங்கி உட்கார்ந்துவிடும் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். கேட்டால் "களைப்பு" என்பார்கள். அவர்களில் ஓரிருவருக்கு ஆஸ்துமா இருப்பது தாமதமாகத்தான் தெரிய வருகிறது. அந்தத் தாமதம் என்னை உறுத்துவதால் இதை எழுதுகிறேன்.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் எப்போதும் சுருங்கியே இருப்பதில்லை. இரவெல்லாம் இருமித் தவித்த பிள்ளை, காலையில் மருத்துவர் முன் இயல்பாக மூச்சு விடும். ஸ்டெதஸ்கோப்பில் எதுவும் கேட்காமலும் போகலாம். ஆகவே நீங்கள் தரும் விவரம்தான் மருத்துவருக்குப் பெரிய துணை. "அடிக்கடி சளி பிடிக்கிறது" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். இருமல் வருவது விடியற்காலையிலா, ஓடிய பிறகா, தூசியோ புகையோ குளிர்காற்றோ பட்டாலா? வாரத்தில் எத்தனை இரவு தூக்கம் கெடுகிறது? இரண்டு வாரம் நோட்டில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். மூச்சு இழுப்பு வரும்போது, மருத்துவர் முன்பே தந்த மருந்து இருந்தால் முதலில் அதைக் கொடுங்கள். முடிந்தால் கைப்பேசியில் சில நொடி பதிவு செய்யுங்கள்.

பழைய விவரங்களும் தேவை. குறைமாதப் பிறப்பு, குடும்பத்தில் ஆஸ்துமா, ஒவ்வாமைத் தும்மல், எக்ஸிமா (அரிப்புடன் வரும் தோல் அழற்சி), முன்பு நெபுலைசர் (மருந்தைப் பனிப்புகைபோல் ஆக்கிச் சுவாசிக்கத் தரும் கருவி) வைத்தது, ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தது, ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைக்குப் பின் இழுப்பு கூடியது, எல்லாவற்றையும் சொல்லுங்கள். வீட்டில் யாராவது புகைபிடித்தால் அதையும் மறைக்க வேண்டாம்.

ஏற்கெனவே இன்ஹேலர் இருந்தால் ஸ்பேசருடன் (இன்ஹேலரில் பொருத்தும் குழாய்) கையோடு கொண்டுபோய், மருத்துவர் முன்னிலையில் பிள்ளையையே பயன்படுத்திக் காட்டச் சொல்லுங்கள். முறை தவறினால் மருந்து வாயிலும் தொண்டையிலும் தங்கிவிடும். உடனடி நிவாரண இன்ஹேலர் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் தேவைப்பட்டால், நோய் கட்டுக்குள் இல்லை என்று பொருள். தினசரி தடுப்பு மருந்தை நீங்களாக நிறுத்தியிருந்தால் அதைத் தயங்காமல் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் மருந்து பலிக்கவில்லை என்று மருத்துவர் எண்ணி அளவைக் கூட்டக்கூடும்.

பிள்ளையையும் பேச விடுங்கள். விளையாட விடமாட்டார்கள் என்று பயந்து நெஞ்சு இறுக்கத்தை மறைக்கும் பிள்ளைகள் உண்டு. ஆஸ்துமா கட்டுக்குள் இருந்தால் தாராளமாக ஓடலாம் என்பதை மருத்துவர் வாயாலேயே அவர்கள் கேட்கட்டும்.

மருத்துவரைப் பார்க்கும் முன் வகுப்பாசிரியரைக் கேளுங்கள். பள்ளியில் கவனித்ததை எழுதித் தருவார். திரும்பும்போது, மூச்சுத்திணறல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பை மருத்துவரிடம் எழுதி வாங்கி, அதன் நகலையும் பெயர் எழுதிய இன்ஹேலரையும் பள்ளி அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். பேச முடியாமல் திணறினாலோ உதடு நீலம் பாரித்தாலோ, உங்களை அழைக்கும் அதே நேரத்தில் ஆம்புலன்ஸையும் அழைத்துவிடுவோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்