உமையாளுக்கு, சீயத்தைப் பற்றியும் டைகரைப் பற்றியும்

கானாடுகாத்தான்
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள உமையாள்,

இங்கு நலம். அங்கும் எல்லோரும் நலமாக இருப்பீர்கள். பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு மாசி முடியப்போகும்போது பதில் எழுதுகிறேன். கோபித்துக்கொள், நியாயம்தான். ஆனால் இந்த ஒரு மாதமும் எனக்கு எழுத உட்காரும் மனமே இல்லை. என் நாய் சீயம் பிழைத்துக்கொண்டாள் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கதையையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறவள் நீ.

தை கடைசி வாரம் முன்னோருக்குப் படையல் வைக்கும் படைப்புக்காகப் பெரிய வீட்டைத் திறந்தோம். மூன்று வருடம் பூட்டிக் கிடந்த வீடு, எலியும் வௌவாலும் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. பங்காளிகளில் ஒருவர் (யார் என்று எழுதப்போவதில்லை, நீயே கண்டுபிடித்துவிடுவாய்) எங்கள் யாரிடமும் சொல்லாமல் ஆள் வைத்து இரண்டாங்கட்டு முழுவதும் எலி மருந்துக் கட்டிகளைப் போட்டிருக்கிறார். வியாழக்கிழமை மாலை நான் வளவு முற்றத்தில் உட்கார்ந்து வெண்கலப் பாத்திரங்களை எண்ணி எழுதிக்கொண்டிருந்தேன். என் முந்தானையை விட்டு நகராத சீயத்தை அரை மணி நேரமாகக் காணவில்லை. கூப்பிட்டதும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள். வாயோரத்தில் பச்சையும் நீலமும் கலந்த சாயம் அப்பியிருந்தது.

அப்புறம் ஆளுக்கொரு வைத்தியம். உப்புத் தண்ணீர் கொடு என்றார் சீதை ஆச்சி. புளியைக் கரைத்து ஊற்று என்றாள் பாத்திரம் தேய்க்க வந்த பெண். பாலைக் கொடுத்தால் விஷம் முறிந்துவிடும் என்று முகப்பிலிருந்து ஒரு குரல். இதெல்லாம் எதற்கு, நாய் நன்றாகத்தானே ஓடுகிறது, ஒன்றும் ஆகாது, ராத்திரி பார்த்துக்கொள்ளலாம் என்று இன்னொருவர். நான் உப்பைக் கரைத்தே விட்டேன், உமையாள். ஒரு கையில் செம்பு. இன்னொரு கையால் அவள் தாடையைப் பிடிக்கக் குனிந்தேன். அப்போது கோமதி டீச்சர் வீட்டு நாய் டைகரின் முகம் அப்படியே கண்முன் வந்து நின்றது. செம்பைக் கீழே வைத்துவிட்டேன். டைகரைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

காரைக்குடியில் சீயத்துக்குத் தடுப்பூசி போடும் டாக்டரைப் போனில் பிடித்தேன். நான் அழுததை அவர் காதில் வாங்கவே இல்லை. எத்தனை கிலோ, என்ன தின்றது, எவ்வளவு தின்றது, எப்போது தின்றது என்று கேட்டார். வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மருந்தின் உறையை ஒரு துண்டு விடாமல் எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள் என்றார். எடை தெரியும், போன ஊசியின்போது 14 கிலோ. எவ்வளவு தின்றாள் என்று யாருக்குத் தெரியும்? போட்ட ஆளைக் கேட்டால், பத்துப் பன்னிரண்டு இருக்கும் ஆச்சி என்கிறான்.

இரண்டாங்கட்டில் பெரிய மரப்பெட்டிக்குப் பின்னால் கிழிந்த உறைகள் கிடந்தன. அவற்றைப் பொறுக்கி வந்து ஆத்தங்குடிக் கல் தரையின் மேல் பரப்பினேன். கந்தல் கந்தலாகக் கிழித்திருந்தாள், எதை எதோடு சேர்ப்பது என்று தெரியவில்லை. அப்போதுதான் மூலைகள் கண்ணில் பட்டன. கட்டிக்கு ஓர் உறை. உறை சதுரம், ஒன்றுக்கு நான்கு மூலை. மூலையுள்ள துண்டுகளை மட்டும் தனியே ஒதுக்கி எண்ணினேன். பன்னிரண்டு. அப்படியென்றால் மூன்று கட்டி. பெட்டிக்கு அடியில் கையை விட்டுத் துழாவியதில் கடித்துப் போட்ட ஒரு கட்டி முக்கால்வாசி அப்படியே கிடைத்தது. ஆக, உள்ளே போனது இரண்டேகால். ஐந்து நிமிடத்தில் இதைச் செய்து முடித்தேன். டாக்டர் அந்த உறையை வெளிச்சத்தில் பிடித்து, மருந்தின் பெயர் புரோமடியோலோன், அளவு 0.005 சதவீதம் என்று படித்த பிறகுதான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்தார்.

ஆட்டோவில் அரை மணி நேரம். என் மடியில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, வீணாகப் பயப்படுகிறோமோ என்று. அந்த மருந்தின் சூதே அதுதான் என்று டாக்டர் விளக்கினார். ரத்தம் உறைவதற்கு வேண்டிய சில பொருள்களை ஈரல் தயார் செய்கிறது. அதற்கு வைட்டமின் கே வேண்டும். உபயோகித்த வைட்டமினைத் திரும்பவும் புதுப்பித்துக்கொள்ளும் வழியை இந்த மருந்து அடைத்துவிடுகிறது. ஆனால் ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும் சரக்கு தீரும்வரை வெளியே ஒன்றுமே தெரியாது. மூன்று நாள், ஐந்து நாள் கழித்துத்தான் ரத்தம் கசியத் தொடங்கும். அதுவும் நெஞ்சுக்குள்ளேயோ வயிற்றுக்குள்ளேயோ கசிந்தால் நம் கண்ணுக்குப் படாது. சோர்ந்து படுக்கும், மூச்சு வாங்கும், ஈறு வெளுக்கும், மலம் கறுப்பாகப் போகும். அப்போது தூக்கிக்கொண்டு ஓடினால் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். "ராத்திரி பார்த்துக்கொள்ளலாம்" என்ற சொல்லை நினைத்தால் இப்போதும் என் கை நடுங்குகிறது. ராத்திரியும் நன்றாகத்தான் இருந்திருப்பாள். மறுநாளும் நன்றாகத்தான் இருந்திருப்பாள்.

வாந்தி எடுக்க ஊசி போட்டார். சாயத்தோடு எல்லாம் வெளியே வந்தது, கூடவே ஒரு உறைத் துண்டும். தின்று இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவந்ததால் பலன் கிடைத்தது என்றார். பிறகு வயிற்றில் மிஞ்சிய விஷத்தைப் பிடித்துக்கொள்ளும் மருத்துவக் கரி கொடுத்தார். அடுப்புக்கரியை இடித்துக் கொடுத்தால் அதே வேலையைச் செய்யாது, அதையும் கேட்டுவிட்டேன். முறிவு மருந்தான வைட்டமின் கே1 முதல் ஊசி அங்கேயே போட்டாகிவிட்டது. மீதி மருந்துக்குக் கடைக்குப் போனால் ஒரு கடையில் வைட்டமின் கே3 எடுத்து நீட்டி, இரண்டும் ஒன்றுதான் என்றார்கள். டாக்டரிடம் கேட்டேன். ஒன்றே இல்லை, இந்த விஷத்துக்குக் கே3 உதவாது, கே1 மட்டும்தான் என்றார். கடைசியில் தம்பி மகன் மதுரையிலிருந்து வாங்கி வந்தான்.

நான்கு வாரம். தினமும் கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால்தான் மருந்து உடம்பில் சேரும் என்பதால் நெய்ச்சோறு. ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, எங்கும் இடித்துக்கொள்ளக் கூடாது. சீயத்திடம் இதைச் சொல்லிப் பார், தெரியும். காலையில் எழுந்ததும் அவள் மேலுதட்டைத் தூக்கி ஈறைக் கட்டைவிரலால் அழுத்துவேன். வெள்ளையாகிவிட்டு, விரலை எடுத்ததும் இரண்டு நொடிக்குள் மறுபடி ரோஜா நிறத்துக்கு வர வேண்டும். அந்த இரண்டு நொடியை இருபத்தெட்டு நாள் எண்ணினேன்.

இனி டைகர்.

நமக்குப் பதினோரு வயது. கடலைக் கொல்லைப் பக்கமிருந்து எச்சில் ஒழுக, நான்கு காலும் வெடவெடக்க வந்து டீச்சர் வீட்டுத் திண்ணையில் விழுந்தது. பெரியவர்கள் உப்புத் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். நீ வாயைத் திறந்து பிடித்தாய், நான் ஊற்றினேன். ஒரு செம்பு முழுவதும். இருமியது, மூக்கு வழியாகத் தண்ணீர் வந்தது, வந்தும் நாம் நிறுத்தவில்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் போய்விட்டது. விஷம் கொன்றுவிட்டது என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தோம்.

டாக்டரிடம் அதைச் சொன்னேன். எச்சிலும் நடுக்கமும் பார்த்தால் வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தாக இருக்கலாம், அதற்கு அட்ரோபின் என்ற ஊசி உண்டு என்றார். உப்பைப் பற்றிக் கேட்டேன். அளவுக்கு மேல் உப்புப் போனால் ரத்தத்தில் சோடியம் ஏறி அதனாலேயே வலிப்பு வரும். நடுங்கும் நாய்க்கு விழுங்கும் கட்டுப்பாடு இருக்காது, ஊற்றியது நுரையீரலுக்குப் போய்விடும். அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த நாயைப் பார்க்கப் போய்விட்டார். நான் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

உனக்கு இதை எழுதுவதா வேண்டாமா என்று பத்து நாள் யோசித்தேன். டைகர் எப்படியும் போயிருக்கும் என்றும் சொல்லலாம், யாராலும் இப்போது அறுதியிட முடியாது. நாம் சின்னப் பிள்ளைகள், சொன்னதைச் செய்தோம். ஆனால் அந்தத் திண்ணையில் உன்னையும் என்னையும் தவிர வேறு யார் இருந்தார்கள்? வேறு யாரிடம் போய் நான் சொல்வேன்? நீயும் நானும் அன்றைக்கு அழுத அழுகை உனக்கும் மறந்திருக்காது.

உன் பேத்திக்காக வீட்டுக்கு லாப்ரடார் குட்டி வந்திருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். உன் அடுப்படி எனக்குத் தெரியும். முதலில் புளி. சிரிக்காதே. திராட்சையும் உலர்ந்த திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று பல வருடமாகத் தெரியும், ஏன் என்று மட்டும் தெரியாமல் இருந்தது. அமெரிக்காவில் ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தின் நச்சு மையத்து மருத்துவர்கள் 2021இல், அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். புளியைத் தின்ற நாய்களுக்கும் அதே மாதிரி சிறுநீரகம் கெட்டிருக்கிறது. புளியில் அந்த அமிலம்தானே புளிப்பு! வாந்திக்குப் புளிக்கரைசல் கொடு என்று அன்று சொன்னதை நினைத்துப் பார். இந்த மாதம் நீ வருடப் புளி வாங்கி மாடியில் காய வைப்பாய், குட்டியை மாடிக்கு விடாதே. பாயசத்துக்கு வறுத்துப் போடும் திராட்சையும் கீழே சிந்தக் கூடாது.

சின்ன வெங்காயம், பூண்டு: சிவப்பணுக்களை உடைக்கும், பச்சையானாலும் வதக்கினாலும் ஒன்றுதான், சோகை தெரிய சில நாள் ஆகும். குழம்புச் சோறு பிசைந்து வைக்கும் வழக்கத்தை விட்டுவிடு. மாப்பிள்ளை மெல்லும் சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கிறதா என்று உறையில் பார்க்கச் சொல். அது நாயின் ரத்தத்திலுள்ள சர்க்கரையை அரை மணி நேரத்திலேயே தரைமட்டமாக்கும், ஈரலையும் கெடுக்கும். சாக்லேட்டில் கறுப்பு சாக்லேட் மோசம். அண்ணனின் மூட்டுவலி மாத்திரைகள் தலையணைப் பக்கத்தில்தான் இருக்கும், அதை முதலில் அலமாரிக்கு மாற்று. வாசலில் இருக்கும் அரளி இதயத்தைத் தாக்கும், குச்சியைக் கடிக்க விடாதே.

எல்லா விஷத்துக்கும் வாந்தி மருந்தல்ல, அதையும் எழுதிவிடுகிறேன். மண்ணெண்ணெய், கழிப்பறை கழுவும் ஆசிட் இவற்றைக் குடித்திருந்தால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, திரும்பி வரும்போது தொண்டையையும் நுரையீரலையும் கெடுத்துவிடும். மயங்கிய நாய்க்கும் வலிப்பு வந்த நாய்க்கும் கூடாது. கறுப்புப் பொடியாக வரும் எலி மருந்து ஒன்று உண்டு, துத்தநாக பாஸ்பைடு. அது வயிற்று அமிலத்தில் பட்டதும் விஷ வாயு ஆகிறது. முறிவு மருந்தே கிடையாது. அந்த நாய் காரில் வாந்தி எடுத்தால் கண்ணாடியை இறக்கிவிட வேண்டும், அந்த வாயு நமக்கும் ஆபத்து. அதற்குச் சோறு, பால் எதுவும் கொடுக்காதே. எதுவானாலும் முதலில் போன், கையில் உறை.

அந்தப் பங்காளியிடம் பேசிவிட்டேன். சண்டை போடவில்லை. இனி எங்கள் குடும்பத்துக்குச் சொல்லாமல் வீட்டில் எந்த மருந்தும் வைப்பதில்லை என்று வாக்கு வாங்கிக்கொண்டேன். அவர் இரண்டு நாள் கழித்து நெய் டப்பா ஒன்றைக் கொடுத்தனுப்பினார், சீயத்துக்கு என்று. வாங்கி வைத்துக்கொண்டேன்.

வியாழனோடு மருந்து நின்றது. 48 மணி நேரம் கழித்து ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்க்க வேண்டுமாம், அதனால் நாளை மாலை மறுபடி காரைக்குடி. சரியாக வந்தால் ஓட விடலாம். இப்போது என் காலடியில்தான் கிடக்கிறாள், கனவில் எதையோ துரத்துகிறாள்.

பதில் எழுது. டைகரைப் பற்றி எழுதத் தோன்றாவிட்டால் விட்டுவிடு, ஆனால் குட்டி எத்தனை கிலோ என்று மட்டும் கட்டாயம் எழுது. உனக்குக் கிட்டத்தில் ராத்திரியிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்று இந்த வாரமே விசாரித்து, எண்ணை அடுப்படிச் சுவரில் ஒட்டிவை.

உன் அன்புள்ள,
வள்ளி