தண்டர் பேயில் இருக்கும் மகளுக்கு

அன்பின் பிள்ளைக்கு,

நாங்கள் இங்கே சுகம். கொம்மாவின் முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. உன்னுடைய ஆஸ்பத்திரி இரவு வேலை எப்படிப் போகுது என்று ஒரு வரி எழுது. ரெலிபோனில் கேட்டால் "ஓம் அப்பா, பரவாயில்லை" என்பதோடு முடித்துவிடுகிறாய்.

போன கிழமை கதைக்கும்போது 2025 பெப்ரவரியில் நடந்த ஒன்ராறியோ மாகாணத் தேர்தல் பேச்சு வந்து, நீ கோபத்தில் ரெலிபோனை வைத்துவிட்டாய். "முதல்வர் டக் ஃபோர்ட்டின் கொன்சவேட்டிவ் கட்சிக்கு நூற்றுக்கு 43 வாக்கு, ஆனால் 124 தொகுதியில் 80. வாக்குப் போடப் போனதே நூற்றுக்கு 45 பேர்தான். நான் போகாததால் இப்ப என்ன கெட்டுப்போச்சு?" என்று கேட்டாய். கணக்கு சரி. அதே முடிவில் இதைவிட விசித்திரமான கணக்கும் கிடக்கிறது. லிபரலுக்கு நூற்றுக்கு 30 வாக்கு, கிடைத்தது 14 தொகுதி. இடதுசாரிக் கட்சியான என்.டி.பிக்கு நூற்றுக்கு 19கூட இல்லை, 27 தொகுதி, எதிர்க்கட்சி ஆசனமும் அவர்களுக்கே. வாய்ப்பேச்சில் உன்னோடு மல்லுக்கட்ட எனக்கு ஏலாது. ஆறுதலாக இருந்து எழுதுகிறேன், ஆறுதலாக வாசி.

1990ஆம் ஆண்டு செப்டெம்பர் 6ஆம் தேதி இந்த மாகாணத்தில் ஒரு தேர்தல் நடந்தது. நான் கனடாவுக்கு வந்து கன காலம் ஆகவில்லை. அகதிக் கேஸ் முடியவில்லை, கையில் வேர்க் பெர்மிற் மட்டும்தான். வெல்லெஸ்லி – பார்லிமென்ற் சந்தியில், சென் ஜேம்ஸ் ரவுணில், ஒரு அறை வீட்டில் ஆறு பெடியள் இருந்தோம். ஆளுக்கொரு ஷிப்ற் என்றபடியால் மெத்தை சூடாறுவதே இல்லை. நான் ஒரு ரெஸ்ரோரன்றில் கோப்பை கழுவினேன். எனக்கு வாக்கு இல்லை. யார் வந்தால் என்ன என்றுதான் இருந்தேன், இப்ப நீ இருக்கிறமாதிரி.

அப்போது முதல்வராக இருந்தவர் டேவிட் பீற்றர்சன், லிபரல். 1987இல் 130 தொகுதியில் 95ஐ அள்ளிக்கொண்டு வந்தவர். இன்னும் இரண்டு வருடம் ஆட்சி நடத்தலாம், ஆனால் பொருளாதாரம் சரியமுன் இன்னொருக்கா வென்றுவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ, கோடை விடுமுறை நடுவில் தேர்தலை அறிவித்தார். சனம் வெறுத்துப்போனது. கியூபெக்கை அரசியலமைப்புக்குள் இழுக்கப் போட்ட மீச் லேக் உடன்படிக்கை அந்த ஜூனில்தான் செத்தது, அதற்காக அவர் ஓடித்திரிந்ததும் பலருக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் கட்சி 36 தொகுதிக்கு விழுந்தது. லண்டனில் தன்னுடைய சொந்தத் தொகுதியிலேயே தோற்றார் மனுசன். (இந்த மாகாணத்து லண்டன், உன்ர மாமி இருக்கிற லண்டன் இல்லை.)

வந்தது என்.டி.பி. பொப் ரே தலைமையில் 74 தொகுதி. அதற்கு முன் ஒன்ராறியோவில் அவர்கள் ஒருநாளும் ஆட்சியில் இருந்ததில்லை, முந்தின தேர்தலில் கிடைத்தது 19. எங்கள் ரெஸ்ரோரன்றின் சமையற்காரன் அடுத்த நாள் காலமை பானையைப் போட்டு அடித்தபடி, கம்யூனிஸ்டுகள் வந்துவிட்டார்கள், முதலாளி கடையைப் பூட்டப் போகிறான் என்றான். கடை பூட்டவில்லை. (இந்த பொப் ரேயைத்தான் 2009 ஜூனில் கொழும்பு விமான நிலையத்தில் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினார்கள். அப்போது அவர் லிபரல் எம்.பி. அது வேறு கதை.)

இப்ப கவனி. அந்த 74 தொகுதிக்கு அவர்கள் எடுத்த வாக்கு நூற்றுக்கு 37.6. லிபரல் எடுத்தது 32.4. ஐந்து வீத வித்தியாசம், தொகுதியில் இரண்டு மடங்கு. நீ இன்று திட்டுகிற அதே கணக்கு, இன்னும் மெல்லிய வீதத்தில். அன்று இந்த ஊர்ப் பணக்காரர் திட்டினார்கள், இன்று நீ திட்டுகிறாய். எனக்கும் அந்தக் கணக்குப் பிடிக்காது. 2007 ஒக்டோபர் தேர்தலோடு ஒரு பொது வாக்கெடுப்பு வைத்தார்கள். தொகுதிக்கு ஒருவராக 103 சாதாரண சனத்தைக் கூட்டி, மாதக் கணக்கில் இருத்திப் படிப்பித்து, அவர்கள் சொன்ன கலப்பு விகிதாசார முறையை ஏற்கிறீர்களா என்று கேட்டார்கள். நான் ஓம் என்று போட்டேன். நூற்றுக்கு 63 பேர் பழையது போதும் என்றார்கள். ஆக இந்த முறை யாரோ எங்கள் தலையில் கட்டிவிட்டது என்று சொல்லவும் வழியில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது வாக்கு வீதத்தைப் பற்றி இல்லை. தேர்தல் முடிவு என்று நீங்கள் அன்றிரவு ரீவியில் பார்ப்பது வெறும் எண்ணிக்கை. முடிவு பிறகுதான் வரும், அதுவும் சம்பளத் துண்டிலும் வாடகைத் துண்டிலும் வரும். எனக்கு வாக்கே இல்லாத இரண்டு தேர்தலின் முடிவு என்ர அறைக்குள் வந்த விதத்தைச் சொல்கிறேன்.

முதலில் ரே. அவர் கெட்ட காலத்தில் கதிரையில் ஏறினார். வேலைகள் போய்க்கொண்டிருந்தன, முதல் வரவுசெலவுத் திட்டத்திலேயே துண்டு விழுந்தது கிட்டத்தட்ட 1,000 கோடி டொலர். தேர்தலில் பெரிதாகச் சொன்ன அரசாங்க வாகனக் காப்புறுதியை அடுத்த வருடமே கைவிட்டார். 1993இல் வந்தது சமூக ஒப்பந்தச் சட்டம். அரசாங்கத்திடம் சம்பளம் வாங்குகிற ஆசிரியர், நேர்ஸ், அலுவலர் எல்லாருடைய ஒப்பந்தங்களையும் மீறி, சம்பளத்தை அப்படியே நிறுத்தி, வருடத்தில் 12 நாள்வரை சம்பளமில்லா லீவு. சனம் அதற்கு "ரே டேய்ஸ்" என்று பெயர் வைத்தது. கொம்மா அப்போது ஒரு ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை. வருடம் 30,000 டொலருக்குக் கீழே உழைப்பவர்களுக்கு விலக்கு இருந்தபடியால் அவ தப்பினா. மேலே வாட்டில் இருந்த நேர்ஸ்மார் தப்பவில்லை. சாப்பாட்டுத் தட்டு எடுக்கப் போகும்போது அவர்கள் நின்று குமுறுவதை வந்து சொல்லுவா. தொழிலாளர் கட்சி என்று வாக்குப் போட்டவர்கள் அவர்கள்தான்.

உனக்கு இது எங்கேயோ கேட்ட கதைமாதிரி இருக்குமே? 2019இல் ஃபோர்ட் அரசு கொண்டுவந்த 124ஆம் சட்டமூலம், அரசாங்கச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு ஒரு வீதத்துக்கு மேல் சம்பளம் கூட்டக்கூடாது என்று மூன்று வருடத்துக்குக் கட்டிப்போட்டது. நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைச் சொல்லிச் சொல்லி அழுதாய். 2022 நவம்பரில் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. இடது கையால் அடித்தாலும் வலது கையால் அடித்தாலும் நேர்ஸின் கன்னம் ஒன்றுதான். கட்சிக்காரனைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பு என்று நான் ஒருநாளும் உனக்குச் சொல்ல மாட்டேன்.

1995 ஜூனில் சனம் ரேயை 17 தொகுதிக்குத் தள்ளியது. வந்தவர் கொன்சவேட்டிவ் மைக் ஹரிஸ், 82 தொகுதி. ஐந்து வருடத்தில் ஒன்ராறியோ இடதிலிருந்து வலதுக்குப் பாய்ந்துவிட்டது என்று பேச்சு. நான் அதை நம்பவில்லை. 1990இல் நூற்றுக்கு 62 பேர் ரேக்கு வாக்களிக்கவே இல்லையே. இருக்கிறவனைக் கலைப்பதுதான் இந்த மாகாணத்துப் பழக்கம், வருகிறவன் யார் என்று பிறகுதான் பார்ப்பார்கள்.

ஹரிஸ் வந்து நாலு மாதத்தில் வெல்பெயர் காசில், வழியில்லாதவர்களுக்கு அரசாங்கம் தருகிற உதவிக் காசில், 21.6 வீதத்தை வெட்டினார். தனி ஆளுக்கு மாதம் 663 டொலராக இருந்தது 520 ஆனது. எங்களோடு இருந்தவர்களில் ஒருவர் ஃபக்ரறியில் கை நசுங்கி, வேறு வழியில்லாமல் அந்தக் காசில் இருந்தார். அந்த 143 டொலர் அவருடைய வாடகைப் பங்கு. பிறகு எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுச் சமாளித்தோம். அந்த நேரத்தில் சமூகசேவை அமைச்சர் டேவிட் சுபூச்சி, மார்க்கம் தொகுதிக்காரர், கஷ்டப்பட்டவர்கள் நசுங்கின ரூனா மீன் ரின்னை 69 சதத்துக்குப் பேரம்பேசி வாங்கலாம் என்று யோசனை சொன்னார். எங்கள் அறையில் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. யாழ்ப்பாணத்தானுக்கு மீன் பேரம்பேச அமைச்சர் சொல்லித்தரவேண்டுமோ? கை நசுங்கின மனுசன் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த நாள் பார்லிமென்ற் வீதிக் கடைக்குப் போய் ரின் விலையைப் பார்த்துவிட்டு வந்து, 69 சதத்துக்கு ஒன்றுமில்லை என்றார்.

சம்பளத்தையும் சொல்கிறேன். ரே போகமுன், 1995 ஜனவரியில், ஆகக் குறைந்த மணிக்கூலி 6.85 டொலர் ஆனது. 2004 பெப்ரவரிவரை அந்த 6.85 அசையவில்லை. நீ பிறந்தபோது 6.85. நீ இரண்டாம் வகுப்புக்குப் போகும்போதும் 6.85. பாண், பால், பஸ் காசு எல்லாம் ஏறியது. 2003இல் லிபரல் மக்கின்ரி முதல்வராக வந்தபிறகுதான் 7.15. நான் இரவில் இரண்டாவது வேலைக்குப் போனதும், உன்ர பள்ளிக்கூட விழாக்களில் என்னைக் காணாததும் இதனால்தான். ஒரு சட்டமும் போடாமல், சும்மா இருந்தே ஒரு அரசாங்கம் இதைச் செய்யலாம். பேப்பரில் தலைப்புச் செய்தியாகவும் வராது.

இனி வாடகை. கொம்மா சொன்னா, நீ ஒரு புதுக் கட்டடத்தில் வீடு பார்த்து வைத்திருக்கிறாயாம், சமையலறை எல்லாம் பளபளவென்று இருக்காம், அடுத்த மாதம் லீஸில் கையெழுத்தாம். அதனால் இதைக் கவனமாக வாசி.

ஒன்ராறியோவில் வாடகைக் கட்டுப்பாட்டைத் தொடங்கியது இடதுசாரிகள் இல்லை. 1975இல் கொன்சவேட்டிவ் முதல்வர் பில் டேவிஸ் பெரும்பான்மையை இழந்து 125இல் 51 தொகுதியோடு நின்றார். என்.டி.பி வாடகைப் பிரச்சினையை வைத்தே 38 எடுத்திருந்தது. அந்த நெருக்கடியில் அந்த வருடமே சட்டம் வந்தது. 1992இல் ரே அதை இறுக்கினார். கட்டுப்பாடு வீட்டோடு ஒட்டியிருந்தது, ஆள் மாறினாலும் வாடகையை நினைத்தபடி ஏற்றேலாது. நானும் கொம்மாவும் கலியாணம் முடித்து ஸ்காபரோவில் எடுத்த முதல் அப்பாட்மென்றின் வாடகை அதனால்தான் கட்டுப்படியானது. 1998இல் ஹரிஸின் சட்டம் நடைமுறைக்கு வந்தபிறகு, ஆள் வெளிக்கிட்டால் அடுத்த ஆளுக்கு என்ன விலையும் சொல்லலாம். அதற்குப் பிறகு லிபரல் 15 வருடம் ஆண்டது, அந்தக் கதவை அவர்களும் பூட்டவில்லை. இன்றைக்கும் திறந்துதான் கிடக்கிறது.

ஹரிஸின் சட்டத்தில் இன்னொரு ஓட்டை, 1991 நவம்பருக்குப் பிறகு வந்த கட்டடங்களுக்குக் கட்டுப்பாடே இல்லை. லிபரல் முதல்வர் கத்லீன் வின் அதை 2017இல் அடைத்தார். அடுத்த வருடம் தேர்தல், அவருடைய கட்சி 7 தொகுதிக்கு விழுந்தது. ஃபோர்ட் பிரசாரத்தின்போது வாடகைக் கட்டுப்பாட்டை யாரிடமிருந்தும் பறிக்க மாட்டேன் என்றார். பறிக்கவில்லைத்தான். 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடிவருகிற வீடுகளுக்குக் கட்டுப்பாடு இல்லை என்று மட்டும் சட்டம் போட்டார். இருக்கிறவன் கத்தமாட்டான், இனி வரப்போகிறவன் யாரென்று அவனுக்கே தெரியாது. கெட்டிக்காரத்தனம். நீதான் அந்த இனி வரப்போகிற ஆள், பிள்ளை.

2025இல் பழைய கட்டடங்களில் வாடகை கூட்டலாம் என்று அரசாங்கம் விட்ட எல்லை 2.5 வீதம். நீ பார்த்த வீட்டில் அந்த எல்லை கிடையாமல் இருக்கலாம். 12 மாதத்துக்கு ஒருக்கா, 90 நாளுக்கு முன் எழுத்தில் சொல்லிவிட்டு, 300 டொலரும் கூட்டலாம், 500 டொலரும் கூட்டலாம். அது பிழை என்று போய் முறையிடவும் இடமில்லை.

ஆனபடியால் கையெழுத்து வைக்கமுன் வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேள்: இந்த வீட்டில் முதன்முதலாக ஆள் குடிவந்தது எப்போ? வாயால் சொன்னால் காணாது, ஈமெயிலில் கேட்டு வை. 2018 நவம்பர் 15க்குப் பிறகு என்றால், அந்தப் பளபளப்பை மறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் நீ முதலில் பார்த்த பழைய கட்டடத்தைத் திரும்பிப் பார். குளியலறை ஓடு வெடித்திருந்தால் நான் கோடையில் வந்து மாற்றித் தருகிறேன். லீஸைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து எனக்கு அனுப்பு, எல்லாப் பக்கமும், சின்ன எழுத்துகளும் தெரியிறமாதிரி.

இன்னொன்று, உன்ர பெயருக்கு வந்த வாக்காளர் அட்டை இன்னும் இங்கே ஸ்காபரோ முகவரிக்குத்தான் வருகிறது. முகவரியை மாற்று. போடுவதும் விடுவதும் உன் இஷ்டம்.

கொம்மா மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் பார்சலில் போடுகிறா. கிடைத்ததும் அவவுக்கு ஒரு கோல் எடு.

அன்புடன்,
அப்பா