முன்பணம் கட்டுவதற்கு முன்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ தேர்வு முடிந்து முடிவுகள் வெளிவராத இந்த இடைவெளியில்தான் எங்கள் பகுதியில் கல்லூரிகளின் சார்பில் ஆட்கள் வீடு தேடி வரத் தொடங்குகிறார்கள். கொடுமுடி வட்டத்தில் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்து, செயலாளராக ஓய்வு பெற்றவன் நான். ஜூன், ஜூலை மாதங்களில் நகைக்கடன் கேட்டு வருவோரில் பலர் விதை மஞ்சளுக்கோ உரத்துக்கோ அல்ல, பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்காகவே தாலிக்கொடியைக் கழற்றி வைப்பதை ஆண்டுதோறும் கண்டவன் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் என் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2018 ஏப்ரலில், மதிப்பெண் வருவதற்கு முன்பே, இடம் போய்விடுமோ என்ற அச்சத்தில் என் மகளுக்காக ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் முன்பணம் செலுத்தி நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் பிடித்தேன். பின்னர் வந்த அவளுடைய கட்-ஆஃப் மதிப்பெண்ணுக்கு அதே கல்லூரியின் அதே பாடப்பிரிவு அரசுக் கலந்தாய்விலேயே கிடைத்திருக்கும். முன்பணத்தையும் அசல் சான்றிதழ்களையும் திருப்பிக் கேட்டபோது அக்கல்லூரியினர் தர மறுத்தார்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று எடுத்துச் சொல்லும் விவரம் அன்று எனக்கு இருக்கவில்லை.

அந்த அவசரத்தின் விலையைப் பிறகு உட்கார்ந்து கணக்கிட்டேன். சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கட்டண நிர்ணயக் குழு 2017-18இல் வகுத்தபடி, தேசியத் தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவில் கலந்தாய்வு மூலம் சேருபவருக்கு ஆண்டுக் கட்டணம் 55,000 ரூபாய்; நிர்வாக ஒதுக்கீட்டில் 87,000 ரூபாய். வேறுபாடு ஆண்டுக்கு 32,000, நான்கு ஆண்டுகளுக்கு 1,28,000 ரூபாய். இழப்பு அதோடு நிற்கவில்லை. எங்கள் குடும்பத்தில் அதுவரை பட்டதாரி எவரும் இல்லாததால், கலந்தாய்வு வழியாகச் சேர்ந்திருந்தால் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை மகளுக்குக் கிடைத்திருக்கும். நிர்வாக ஒதுக்கீட்டுக்கு அச்சலுகை கிடையாது. அவள் 2022இல் பட்டம் பெற்றுவிட்டபடியால், அதே ஆண்டு கல்லூரிக்குச் சென்ற என் மகனும் முதல் பட்டதாரி ஆக முடியவில்லை. ஏப்ரல் மாதத்து ஒரு நாள் அவசரத்தால் அச்சலுகை இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கும் கிடைக்காமல் போயிற்று. இதை நினைக்கும்போது இன்றும் மனம் ஆறுவதில்லை.

ஆகவே மகனின் முறை வந்தபோது, விருப்பப் பட்டியலைப் பதிவு செய்வதற்கு முன்பு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு குடும்பமாக அமர்ந்தோம். வீட்டிலிருந்து பேருந்தில் சென்று வரக்கூடிய ஒரு சுயநிதிக் கல்லூரியில் கணினி அறிவியல், வெளியூர் விடுதியில் தங்கி அரசுக் கல்லூரியில் இயந்திரவியல் என இரண்டு வாய்ப்புகள் இருந்தன. வீட்டுச் சாப்பாடு மிச்சம் என்பதால் பக்கத்துக் கல்லூரிதான் மலிவு என்று என் மனைவியும் உறவினர்களும் உறுதியாக நம்பினார்கள். கல்விக் கட்டணத்தோடு பேருந்துக் கட்டணம், வேலைவாய்ப்புப் பயிற்சிக் கட்டணம், சீருடை, திருப்பித் தரப்படும் என்று சொல்லப்படும் வைப்புத்தொகை ஆகியவற்றை நான்கு ஆண்டுகளுக்கும் கணக்கிட்டு எழுதியபோது, விடுதி, மெஸ் செலவைச் சேர்த்தும்கூட அரசுக் கல்லூரியின் மொத்தம் அதில் பாதியைத் தாண்டவில்லை. மகனுக்கும் இயந்திரவியலில் ஆர்வம் இருந்ததால் முடிவு எளிதாயிற்று. பிடிக்காத பாடத்தில் மலிவு என்பதற்காகப் பிள்ளையைத் தள்ளிவிடச் சொல்பவன் அல்லன் நான்.

கோவையில் 1945இல் தொடங்கிய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியும், சேலத்தில் 1966இல் தொடங்கிய அரசுப் பொறியியல் கல்லூரியும், சித்தோட்டில் உள்ள அரசுப் பொறியியல் கல்லூரியும் நமக்கு எட்டும் தொலைவிலேயே இருக்கின்றன. பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரி, கோயம்புத்தூர் தொழில்நுட்பக் கழகம் போன்ற அரசு உதவி பெறும் கல்லூரிகளில், உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் ஒரே வளாகத்தில் வெவ்வேறு கட்டணத்தில் நடக்கின்றன. பட்டியலில் பாடப்பிரிவின் பெயரை ஒட்டி வரும், அது சுயநிதிப் பிரிவு என்று காட்டும் குறிப்பைக் கவனியாமல் பதிவு செய்துவிட்டு, இடம் கிடைத்த பிறகு கட்டண ரசீதைப் பார்த்துத் திகைத்த பெற்றோரை நான் அறிவேன்.

கல்லூரிகளே வழங்கும் 'மெரிட் ஸ்காலர்ஷிப்' பற்றியும் ஓர் எச்சரிக்கை. முதலாண்டில் பாதிக் கட்டணம் என்பார்கள். இரண்டாம் ஆண்டில் ஒரு பாடத்தில் அரியர் விழுந்தால் அது நின்றுவிடும் என்பதை வாய்திறந்து சொல்வோர் குறைவு. எத்தனை ஆண்டுகளுக்கு, எந்த நிபந்தனையில் என்பதைக் கல்லூரியின் முத்திரையோடு எழுத்தில் கேட்டு வாங்காதவரை அத்தொகையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

நம் பக்கத்துப் பெற்றோர் தம்மை அறியாமல் செய்யும் இன்னொரு தவறு கல்லூரிக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே நடந்துவிடுகிறது. ஆறு முதல் பத்து வரை அரசுப் பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளையை, மதிப்பெண் கூடும் என்று பதினோராம் வகுப்பில் நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளியில் சேர்க்கிறார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு; அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டமும் பள்ளிப் படிப்பைக் கொண்டே தகுதியை முடிவு செய்கின்றன. விடுதிப் பள்ளிக்கு இரண்டு ஆண்டுகள் பணம் கட்டி, நான்கு ஆண்டுப் படிப்புக்கான இந்த உரிமையையும் இழக்கிறோம்.

கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், நகையை அடகு வைப்பதற்கு முன் வங்கியின் கல்விக் கடனைப் பாருங்கள் என்பதே என் அனுபவம் சொல்வது. நகைக்கடனை ஓராண்டுக்குள் மீட்க வேண்டும். மஞ்சள் விலை நம் தவணைக்காகக் காத்திருக்காது. "இந்த வருசம் பீஸ் கட்டிட்டாப் போதுங்க, அடுத்த வருசம் மஞ்சள் வெல ஏறிருமுங்க" என்று சொல்லி நகையை வைத்தவர், மறு ஆண்டு வட்டி மட்டும் கட்டிப் புதுப்பித்துச் சென்றதைப் பலமுறை என் கையால் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். கல்விக் கடனிலோ 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு தேவையில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை தொடங்குவதில்லை, வட்டி மட்டும் சேர்ந்துகொண்டிருக்கும். 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு 10 லட்சம் வரையிலான கடனில் 3 விழுக்காடு வட்டி மானியம் உண்டு. ஆனால் அது பட்டியலில் உள்ள தரமான நிறுவனங்களுக்கு மட்டுமே. நாம் சேரவிருக்கும் கல்லூரி அப்பட்டியலில் உள்ளதா என்பதைச் சேருவதற்கு முன்பே கேட்டறிய வேண்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஏப்ரல், மே மாதங்களில் தங்கள் நாளிதழில் கல்லூரி விளம்பரங்கள் முழுப்பக்க அளவில் வருகின்றன. அவற்றில் கட்டடங்களின் படமும் வேலைவாய்ப்புப் பெற்றோரின் எண்ணிக்கையும் இருக்கின்றன. நான்கு ஆண்டுகளுக்கு ஆகும் மொத்தச் செலவு எதிலும் இல்லை. கலந்தாய்வுப் பதிவு தொடங்குவதற்கு முன்பாக, கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், சேலம், கரூர் மாவட்டக் கல்லூரிகளிடம் கல்வி, விடுதி, பேருந்து, பிற கட்டணங்களைக் கேட்டு வாங்கி, விவரம் தர மறுத்த கல்லூரிகளின் பெயர்களோடு ஒரு பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன். அப்பக்கத்தை எங்கள் சங்க அலுவலகச் சுவரில் ஒட்டுவதற்குத் தற்போதைய செயலாளரிடம் இப்போதே பேசி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கச் செயலாளர்,
கொடுமுடி வட்டம், ஈரோடு மாவட்டம்.