ஐந்து வருடம் கூட நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

2025 ஜனவரி 5ஆம் தேதியோடு நான் தலைவராக இருந்த எங்கள் ஊராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்துவிட்டது. இனி தேர்தல் வரும்வரை அரசு போட்ட தனி அலுவலர்தான் ஊராட்சியைப் பார்ப்பார். காசோலைப் புத்தகம், தீர்மான நோட்டு, ஆபீஸ் சாவி எல்லாவற்றையும் ஒப்படைத்தாயிற்று. நேரில் வந்து நன்றி சொன்னால் பாதிப் பேர் "சரி சரி, வேலையைப் பாரு" என்று விரட்டிவிடுவார்கள், அதனால் எழுதுகிறேன். பெயர் போடாதே என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இல்லை. சிவகங்கைப் பக்கம் ஒரு சின்ன ஊராட்சி என்பது போதும், நம்ம ஊர்க்காரர்களுக்கு யார் யாரென்று தெரியும்.

2019 டிசம்பர் தேர்தலில் தலைவர் பதவிக்கு நின்றபோது எனக்கு 22 வயது. சட்டப்படி 21 முடிந்திருந்தால் போதும். அதே தேர்தலில் கிருஷ்ணகிரி மாவட்டம் கே.என்.தொட்டியில் சந்தியா ராணி என்ற கல்லூரி மாணவி 21 வயதில் தலைவரானார், அடுத்த வருடக் கடைசியில் ஆர்யா ராஜேந்திரன் அதே 21 வயதில் திருவனந்தபுரம் மேயரானார், அப்புறம் கேட்கவா வேண்டும், எங்கள் மாதிரி ஆட்களைப் பார்த்தால் எல்லோரும் வயதைப் பற்றியே பேசினார்கள். இதே தேர்தலில்தான் மதுரை அரிட்டாபட்டியில் வீரம்மாள் பாட்டியும் ஜெயித்தார் என்பதை நான் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். எப்படி இந்த வயசில், வீட்டில் என்ன சொன்னார்கள், கல்யாணம் எப்போது, இதுதான் கேள்வி. தண்ணி மோட்டார் எத்தனை ஹெச்.பி. என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

அதைச் சரியாகச் சொல்லக்கூடியவர் நம்ம டேங்க் ஆபரேட்டர் அண்ணன். முதல் நன்றி அவருக்குத்தான். வீட்டுக்கு வீடு குழாய் கொடுக்கும் ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று எழுதியிருக்கிறது, ஆனால் எழுதினவுடன் தண்ணி மேட்டுத் தெருவுக்கு ஏறிவிடுமா? எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் கடைசி வீடுகளில் காற்றுதான் வரும். எந்த வால்வை எவ்வளவு நேரம் அடைத்தால் எந்தத் தெருவுக்குப் போகும் என்பதை அண்ணன் தலைக்குள்ளேயே வைத்திருந்தார். மும்முனைக் கரண்ட் வரும் நேரத்தைப் பொறுத்து அவருடைய தூக்கம் மாறும். மோட்டார் காயில் போன நாள்களில் திட்டு வாங்கியதும் அவர்தான், ஏனென்றால் தலைவர் வீட்டுக்கு வந்து திட்டுவதைவிட வால்வு திறக்க வந்தவரைத் திட்டுவது சுலபம். அவர் சம்பளத்தை இங்கே எழுதினால் அவருக்குப் பிடிக்காது, படிக்கிற உங்களுக்கும் வெட்கமாக இருக்கும்.

ஊராட்சிச் செயலர் அண்ணன், பதவியேற்புக்கு முதல்நாள் வரை என்னைப் பாப்பா என்று கூப்பிட்டவர், 2020 ஜனவரி 6ஆம் தேதி காலையிலிருந்து "தலைவரே" என்று மாறிவிட்டார், எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. முதல் கணக்கு, இரண்டாம் கணக்கு, மூன்றாம் கணக்கு என்று ஊராட்சிக்கு மூன்று வங்கிக் கணக்கு உண்டு, வீட்டு வரி மாதிரிப் பொது வரவு ஒன்றில், கரண்ட் பில்லுக்கும் குடிநீர்க் கட்டணத்துக்கும் ஒன்று, திட்டப் பணம் இன்னொன்றில், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நம் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது என்பதை அவர்தான் பழைய கேலண்டர் தாளில் கட்டம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார். "பணம் இருக்கு தலைவரே, ஆனா இல்ல" என்பார். பைப் உடைந்து கிடக்கும் நாளில் அந்த வார்த்தையைக் கேட்க எரிச்சலாக வரும். கையெழுத்துக்குப் பில் நீட்டப்படும் போதெல்லாம் "எம்.புக்கைப் பார்த்துட்டுப் போடுங்க" என்று (முடிந்த வேலையை அளந்து எழுதும் நோட்டு அது) எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொன்னதற்கு நன்றி. அதனால் அவருக்கு எத்தனை பேர் விரோதமானார்கள் என்று எனக்குத் தெரியும்.

துணைத் தலைவர் மாமா எதிரணி. வார்டு உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தது அவரை, எனக்கு வேண்டியவரை அல்ல. காசோலையில் நாங்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் வெளியே வரும். இந்த ஒரு கையெழுத்தைப் பிடித்துவைத்து ஊராட்சியையே முடக்கிப்போட்ட கதைகளை ஒன்றியக் கூட்டங்களில் நிறையக் கேட்டிருக்கிறேன். மாமா கூட்டத்தில் மேஜையைத் தட்டுவார், என் தெருவுக்கு ஏன் பேவர் பிளாக் இல்லை என்று கத்துவார், அப்புறம் பேனாவை எடுத்துப் போட்டுவிட்டுப் போவார். ரொம்ப நன்றி மாமா. உங்கள் தெரு விஷயத்தில் இப்போதும் எனக்கு உடன்பாடு இல்லை.

என்னிடம் தோற்ற பெரியப்பாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஏற்கெனவே தலைவராக இருந்தவர், ஒரு சின்னப் பெண்ணிடம் தோற்றது எவ்வளவு உறுத்தியிருக்கும். முதல் வருடம் முழுக்க எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்மாய்க்குத் தண்ணி வரும் வரத்துக்காலைத் தோண்டி எடுக்க அளவெடுத்தபோது பாதி தூரம் சீமைக்கருவேலம், மீதி வயலாகி இருந்தது, கால் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லவில்லை. நம்ம கண்மாய் 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ளது, ஆகையால் ஒன்றியத்துக்குச் சொந்தம். அங்கே போய்க் கேட்டால் வரைபடம் தேட வேண்டும் என்றார்கள். பெரியப்பா வீட்டுப் பரணிலிருந்து பழைய புலப்பட நகலை, அதாவது நில அளவை வரைபடத்தை, எடுத்துவந்து விரித்து, கூடவே நடந்து வந்து, தன் சொந்தப் பங்காளி வயலின் நடுவே நின்று "இங்கதான் போகுது" என்று காலால் கோடு போட்டார். அந்தப் பங்காளி வீட்டோடு அவருக்கு இன்றுவரை பேச்சில்லை. அந்த வரத்துக்காலைத்தான் நூறு நாள் வேலையில் தோண்டினோம்.

நூறு நாள் வேலைக்கு வந்த அக்காக்களுக்கும் பெரியம்மாக்களுக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். நான் வந்த வருடம் கூலி 256 ரூபாய், போகும்போது 319. அது அறிவிப்பில் இருக்கிற தொகை, அளந்து பார்த்துக் கையில் எவ்வளவு வரும் என்பது வேறு. கடைசி மாதங்களில் டெல்லியிலிருந்து கூலியே வரவில்லை. தினமும் கேட்டீர்கள், திட்டினீர்கள், மறுநாள் வேலைக்கும் வந்தீர்கள்.

தூய்மைக் காவலர்களுக்கு நன்றி சொல்வது ரொம்பச் சுலபம். அதனால்தான் எல்லோரும் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நான் பதவிக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஊரடங்கு. ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டு தெருத் தெருவாகப் போனவர்கள் அவர்கள், முதல் சில நாள் கையுறைகூட இல்லாமல். அன்றைக்கு மாலை போட்டு போட்டோ எடுத்தவர்களில் சிலர், அதே காவலர்கள் கிராம சபையில் நாற்காலியில் உட்கார்ந்தபோது முகம் சுளித்ததையும் நான் பார்த்தேன். எழுந்திருக்காமல் உட்கார்ந்தே இருந்தீர்களே, அதற்கு நன்றி அக்கா.

கிராம சபை என்றவுடன் கீழத்தெரு அப்பத்தா. 2022இல் வருடத்துக்கு நான்காக இருந்த கூட்டம், மார்ச் 22, நவம்பர் 1 சேர்ந்து ஆறானதில் தமிழ்நாட்டிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவர் அவர்தான் என்று நினைக்கிறேன். வரவு செலவை நான் வேகமாக வாசித்தால் "ஆத்தா, மெதுவா, எனக்குக் காது மந்தம்" என்பார். காதில் ஒரு கோளாறும் இல்லை.

சிங்கப்பூரில் இருக்கும் நம்ம பையன்கள் ஊரடங்கில் அரிசி, பருப்புக்குப் பணம் அனுப்பினார்கள், கூடவே கணக்கும் கேட்டார்கள். முதலில் கோபம் வந்தது. அப்புறம் ரசீதை எல்லாம் வாட்ஸ்அப் குழுவில் போட ஆரம்பித்தேன், ஊரில் பாதி வதந்தி அதோடு அடங்கியது.

அம்மா, நேரம் காலம் பார்க்காமல் கதவைத் தட்டியவர்களுக்கு எல்லாம் டீ போட்டதற்கு. தேர்தலில் என் ஓட்டுச்சீட்டு நிறத்தையும் சின்னத்தையும் சொல்லி, ரோஸ் கலர் சீட்டு, பூட்டு சாவி என்று தொண்டை கட்டக் கத்திய தோழிகளுக்கும்.

அப்பாவுக்கு, ஆபீசுக்கு வராமல் இருந்ததற்கு. இது சின்ன விஷயம் இல்லை. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் வந்துவிட்டது, ஆனாலும் தலைவர் எங்கே என்று கேட்டால் கணவரோ அப்பாவோ அண்ணனோ எழுந்து நிற்கிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. வீட்டுக்கு வந்து "நீங்க சொன்னா பொண்ணு கேக்கும்ல" என்றவர்களிடம் எல்லாம் அப்பா ஆபீஸ் இருக்கும் திசையைக் கை காட்டினார். ஐந்து வருடத்தில் அவர் என்னிடம் வைத்த ஒரே கோரிக்கை எங்கள் தெரு விளக்கு. அதுவும் மனுவாக, கிராம சபையில், வரிசையில் நின்று.

இந்த ஜனவரி 26 கிராம சபையில் நானும் கீழே உட்கார்ந்து சுடுகாட்டுச் சாலை என்ன ஆனது என்று கேட்டேன். மதிப்பீடு ஒன்றிய ஆபீசில்தான் கிடக்கிறது, மனு நகல் செயலர் அண்ணனிடம் இருக்கிறது. மே 1ஆம் தேதி கூட்டத்துக்குள் பதில் வரவில்லையென்றால் அப்பத்தா கேட்பதாகச் சொல்லியிருக்கிறார், யாராவது கூடப் போங்கள்.