பெட்டிக்குள் கிடந்த பிரஷர் மெஷின்

மட்டக்களப்பு

அன்பின் தோழிக்கு,

நலம். நலமறிய ஆவல். உன் கடிதம் வந்து மூன்று கிழமை. நைட் டியூட்டி முடிந்து இன்றைக்குத்தான் ஆறுதலாக உட்கார்ந்தேன்.

வீட்டிலிருக்கும் நோயாளரின் பிரஷர், நிறை, ஒட்சிசன் எல்லாம் உன் திரைக்கு வருகிறது, கட்டிலே இல்லாத வார்ட்டில் வேலை என்று எழுதியிருந்தாய். எனக்கு எங்கள் கிளினிக் நாள்தான் கண்ணுக்குள் வந்தது. வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து விடியமுதல் பஸ் ஏறி வருகிறவர்கள் எட்டு மணிக்கே களைத்துப் போயிருப்பார்கள். வந்த கையோடு பிரஷர் எடுத்தால் 170. அரை மணித்தியாலம் இருத்தி எடுத்தால் 145. எதை நம்பிக் குளிசையைக் கூட்டுவது? மாதத்தில் ஒரு நாள் எடுக்கும் ஒற்றை இலக்கத்தை வைத்து டொக்டர் முடிவெடுக்கிறார். ஒரு கிழமை வீட்டில் காலையும் மாலையும் எடுத்த சராசரி கையிலிருந்தால் அவருக்கு எவ்வளவு தெளிவு! வீட்டில் குறைவாகவே காட்டும் என்பதால்தான் கிளினிக்குக்கு 140/90, வீட்டுக்கு 135/85 என்று எல்லை வைத்திருக்கிறார்கள்.

மறுகா, போன மாரியில் நடந்தது. இதயம் பலவீனமான ஒரு ஐயா, ரோட்டில் வெள்ளம் என்று இரண்டு கிளினிக் வரவில்லை. ஒருநாள் நடு இரவில் மூச்சு முட்டி, கால் இரண்டும் ஊதி வந்தார். சாரம் இடுப்பில் இறுகி ஒரு கிழமை என்று மகள் சொன்னா. மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினாலே உடம்பில் நீர் தேங்குகிறது என்று பிடித்திருக்கலாம். அன்றிரவு வார்ட்டில் நாங்கள் இரண்டே பேர். அவரோடேயே விடிந்தது. மற்றக் கட்டில்களிலிருந்து கூப்பிட்ட குரலுக்குப் போக முடியவில்லை, அது இன்னும் மனதில் கிடக்கிறது. தூரத்திலிருந்து கவனிப்பது நோயாளிக்கு நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்கள். எங்கள் இரவுகளையும் அது காக்கும் என்பதை நாங்கள்தான் சொல்ல வேண்டும்.

நீ அனுப்பிய 2018 ஜெர்மன் ஆய்வை இரண்டு தரம் வாசித்தேன். இதயம் பலவீனமான நோயாளர் 1571 பேர். வழமையான கவனிப்பில் வருடத்துக்கு நூற்றுக்கு 11 பேர் இறந்தார்கள், கண்காணிப்பில் 8 பேரளவில். ஆனால் பெர்லினில் இரவு பகலாக டொக்டரும் தாதியும் அந்த இலக்கங்களுக்கு முன்னால் இருந்தார்கள். 2010இல் அமெரிக்காவில் 1653 பேர் போனில் பதிவுக் குரலின் கேள்விக்குப் பட்டன் அழுத்தினார்கள், பலன் தெரியவில்லை. மெஷின் வந்தால் ஆளைக் குறைக்கலாம் என்று யாரும் தொடங்கினால் இதைத்தான் காட்டுவேன்.

எனக்குள்ள பயம் அலாரம்தான். ஐசியுவில் விரல் கிளிப் கழன்றாலும் கத்துமே, கடைசியில் காது அதைக் கேட்காமலே விட்டுவிடும். நீங்கள் ஆளுக்கு ஆள் எல்லை மாற்றி வைக்கிறீர்களா? இரவில் யார் பார்ப்பது? அதை விபரமாக எழுது.

இங்கே சின்னதாகத் தொடங்கிவிட்டோம், நோயாளர் எட்டுப் பேர். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் அனுப்பிய பிரஷர் மெஷின் அவர்களின் அலுமாரியில் பெட்டியோடு கிடந்தது. பட்டியைச் சரியாகக் கட்டக் காட்டிக் கொடுத்தேன். கொப்பியில் எழுதி ஞாயிற்றுக்கிழமை வைபரில் படம் அனுப்புகிறார்கள். திங்கள் காலை டொக்டரோடு பார்க்கிறோம். அந்த ஐயாவுக்குத் தராசும் வாங்கியாச்சு. நேற்று 61.5 கிலோ என்று மகள் அனுப்பியிருந்தா. போன கிழமையும் அதுதான்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்