சாகடிக்கவும் வேண்டாம், கல்யாணம் செய்துவைக்கவும் வேண்டாம்: தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

இளையோர் நூல்கள் வெளியிடும் பதிப்பாளர்களுக்கும், கைப்பிரதி படித்து முடிவு சொல்லும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

பதினாறு, பதினேழு வயதுப் பெண்கள் இருவருக்குள் முளைக்கும் முதல் காதலைச் சொல்லும் கைப்பிரதிகள், "முடிவை மாற்றித் தாருங்கள்" என்ற குறிப்போடு திரும்பிப் போவதுண்டு. மாற்றுவதென்றால் ஒருத்தி சாக வேண்டும். அல்லது ஒருத்திக்குத் தாலி ஏற வேண்டும், மற்றவள் பந்தலில் நின்று அட்சதை போட வேண்டும். கேட்டால் யதார்த்தம் என்பீர்கள்.

இந்த யதார்த்தத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1952இல் அமெரிக்காவின் கோல்ட் மெடல் நிறுவனம் 'ஸ்பிரிங் ஃபயர்' என்ற மலிவுப் பதிப்பு நாவலை வெளியிட்டது. கல்லூரி மாணவிகள் இருவரின் காதல் அது. எழுதியவர் மரிஜேன் மீக்கர், வின் பேக்கர் என்ற புனைபெயரில். சந்தோஷமாக முடித்தால் தபால் துறை புத்தகக் கட்டுகளைப் பறிமுதல் செய்துவிடும் என்று பதிப்பாசிரியர் எச்சரித்தார். அதனால் கதையில் ஒருத்திக்குப் பித்துப் பிடித்தது. மற்றவள், தான் அவளைக் காதலிக்கவே இல்லை என்று தீர்மானித்தாள். அதே ஆண்டு பாட்ரிசியா ஹைஸ்மித் வேறொரு பெயரில் எழுதிய 'தி பிரைஸ் ஆஃப் சால்ட்' நம்பிக்கையோடு முடிந்தது; ஒன்றும் குடி முழுகிப்போகவில்லை. 1982இல் நான்சி கார்டனின் 'ஆனி ஆன் மை மைண்ட்' பள்ளி வயதுப் பெண்கள் இருவரை உயிரோடும் காதலோடும் கடைசிப் பக்கம்வரை கொண்டுவந்து சேர்த்தது. உங்கள் புத்தகக் கட்டைப் பிரித்துப் பார்க்க எந்தத் தபால்காரரும் வரப்போவதில்லை. சோகம் கதைக்குள்ளிருந்து வந்தால் வரட்டும், நீங்கள் கேட்டு வாங்காதீர்கள்.

இத்தகைய கைப்பிரதி உண்மையில் சரிவது முதல் ஐம்பது பக்கத்துக்குள். ஆண்–பெண் காதல் கதையின் கருவிகளை அப்படியே எடுத்துப் போடுவதுதான் காரணம். அங்கே சந்திப்பதே கஷ்டம்: ஒளித்துவைத்த கடிதம், மொட்டை மாடி, அண்ணனின் பைக் சத்தம். இங்கே அம்மாவே "ரெண்டு பேரும் ராத்திரி சேந்து படிங்கடி" என்று டீ போட்டுக் கொடுப்பாள். ப்ளஸ் ஒன்னில் அரசு தந்த சைக்கிளில் டபுள்ஸ் போகலாம், ஒருத்தி தலையை ஒருத்தி பின்னிவிடலாம், கடைத்தெருவில் கைகோத்து நடக்கலாம். ஊரே பார்க்கும், ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். ஆகவே வெளித்தடையை முன்கூட்டியே கொண்டுவந்தால் பொய்யாகத் தெரியும். கதையை இழுத்துச் செல்வது ஒரே கேள்வி: இது சிநேகிதம்தானா, வேறா? கேட்டுவிட்டால் சிநேகிதமும் போய்விடுமே என்ற பயம் ஒவ்வொரு காட்சியிலும் இருக்க வேண்டும். அந்தப் பயம் இல்லாத காட்சியை வெட்டச் சொல்லுங்கள், எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும்.

35,000 சொல் கொண்ட நாவலில் அந்தக் கேள்வி வாய்விட்டுக் கேட்கப்படும் இடம் 15,000க்கும் 20,000க்கும் நடுவே விழுந்தால் நல்லது. முந்தினால் பின்பாதி வெறும் குடும்பச் சண்டையாகிவிடும். பிந்தினால் காதலுக்கு இடமே இருக்காது. முதலில் கண்டுபிடிப்பவர் அப்பாவாக இருக்கத் தேவையில்லை. அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மூன்றாவது தோழி, தன்னை ஒதுக்குகிறார்கள் என்ற கோபத்திலேயே பாதியைக் கண்டுபிடித்துவிடுவாள். பிரிவுக்கும் வில்லன் வேண்டாம். பப்ளிக் எக்ஸாம் முடிந்ததும் ஒருத்தி நீட் கோச்சிங்குக்கு ஒரு ஊர், இன்னொருத்தி கவுன்சலிங்கில் கிடைத்த கல்லூரிக்கு வேறு ஊர். அது போதும்.

அடுத்து, பேச்சு. ஆண்–பெண் கதையில் "நீங்க" ஒருநாள் "நீ" ஆகும், வாசகருக்குப் புரிந்துவிடும். இங்கே முதல் நாளிலிருந்தே "வாடி, போடி". நெருக்கம் கூடியதைக் காட்ட அந்த ஏணியில் மேலே படியே இல்லை. நல்ல எழுத்தாளர்கள் கீழே இறங்குகிறார்கள்: கூச்சம் வந்ததும் "டி" உதிர்கிறது, முழுப்பெயர் சொல்லி அழைக்கிறாள், பதிலில் ஒரு நொடி தாமதிக்கிறாள். மெய்ப்பு (ப்ரூஃப்) பார்ப்பவர் அதைச் சீரற்ற உரையாடல் என்று நினைத்து "டி"யை எல்லா இடத்திலும் சேர்த்துவிட்டால் கதையின் நரம்பே அறுந்துபோகும். இது நடக்கிற விஷயம்தான். மெய்ப்புக்கு அனுப்பும்போதே, "டி" விடுபட்டிருப்பது வேண்டுமென்றே செய்தது என்று ஒரு வரி எழுதி இணைத்துவிடுங்கள்.

இரண்டு "அவள்" ஒரு பத்தியில் முட்டிக்கொள்வது இன்னொரு தொல்லை. எழுவாயை விட்டுவிட்டு எழுதும் நம் வழக்கம் குழப்பத்தைக் கூட்டும். "உயரமானவள்", "மற்றவள்" என்று ஒட்டுப்போடுவது படிக்கச் சகிக்காது. பெயரையே திரும்பச் சொல்லலாம், ஒருத்தியே "நான்" என்று சொல்வதாகத் தன்மையில் எழுதலாம். ஒரு பக்கத்தைக் கதை தெரியாத ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே நின்று யோசிக்கிறாரோ அங்கே திருத்துங்கள்.

சட்டத்தைச் சொல்லித் தயங்குகிறவர்களுக்குச் சுருக்கமாக: 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயது வந்தோர் மனமொப்பிக் கொள்ளும் தன்பாலுறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம், மதுரையிலிருந்து வந்த இரு பெண்களின் வழக்கில், பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சைகளுக்குத் தடை விதித்தது. பாத்திரங்கள் பதினெட்டைத் தாண்டாதவர்கள் என்பதால் உடல் சார்ந்த காட்சி எதுவும் வேண்டாம், அதில் சமரசமே கிடையாது. முதல் காதலுக்கு அது தேவையும் இல்லை. உள்ளங்கையில் பேனாவால் எழுதிய பெயர் அழியக் கூடாதென்று கை கழுவாமல் இருப்பது போன்றவையே போதும்.

அட்டையில் முதுகு காட்டும் நிழலுருவங்களும் சிவப்பு வெளிச்சமும் தவறான வாசகரை அழைத்து வரும். பின்னட்டையில் "தோழமையின் உன்னதம்" என்று மழுப்பினால், தேடுகிற பெண்ணுக்குப் புத்தகம் அகப்படாது, வாங்கிக் கொடுத்த பெற்றோரும் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார்கள். முதல் இரண்டு வாக்கியத்துக்குள் இருவர் பெயரும் 'காதல்' என்ற சொல்லும் வந்துவிட வேண்டும்.

பள்ளி நூலகத்துக்குப் போகும் பிரதியோடு இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றும் போகட்டும்: எந்த வயதுக்கு, என்ன இருக்கிறது, என்ன இல்லை, படித்துப் பரிந்துரைத்த ஆசிரியர்கள் யார். 1993இல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் நான்சி கார்டனின் 'ஆனி ஆன் மை மைண்ட்' நாவலை எரித்தார்கள், அருகிலுள்ள ஓலேத்தா ஊரின் பள்ளி நிர்வாகம் நூலக அலமாரியிலிருந்து அதை எடுத்துவிட்டது. மாணவர்களும் பெற்றோர்களும் வழக்குப் போட்டார்கள். கருத்து பிடிக்காததால் எடுத்தது செல்லாது என்று 1995இல் நீதிபதி தீர்ப்பளித்தார். புத்தகம் அலமாரிக்குத் திரும்பியது. புகார் வரும் நாளில் தலைமையாசிரியர் கையில் காட்ட ஒரு தாளாவது இருக்கட்டும்.

இப்படிக்கு,
இளையோர் புனைகதைகளைச் செம்மையாக்கும் சிலர்